டர்போவுக்கு ஒரு நிமிஷம்

என் பழைய ஜீப் புகை கக்க ஆரம்பித்தபோது மெக்கானிக் பாய் இரண்டு வழி சொன்னார். இருக்கும் இன்ஜினையே பிரித்து சாதாவாகக் கட்டுவது, இல்லையென்றால் இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த இன்ஜினை ஏற்றுவது.

"சாதாவே போதும் சார். பிக்கப் கம்மிதான், ஆனா நீங்க எப்படி ஓட்டினாலும் தாங்கும்."

எனக்கு அது ஏறவில்லை. மகளைப் பார்க்க மாதம் இரண்டு முறை பெங்களூருக்குப் போகிறவன் நான். லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருந்தேன். டர்போதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மூன்று வாரம் மெனக்கெட்டு ஏற்றிக் கொடுத்தார். சாவியைத் தரும்போது ஒன்றுதான் சொன்னார். விரட்டி ஓட்டி வந்து சட்டென்று இன்ஜினை நிறுத்தக் கூடாது. உள்ளே டர்போ அனலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், எண்ணெய் நின்றால் கருகிவிடும்.

"ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க, அவ்ளோதான்."

முதல் ஓட்டத்துக்கு அவரையே பெங்களூர் வரை கூட்டிப்போய் வந்தேன். தன் மகளுக்கு நடக்கவிருந்த கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். வண்டி பறந்தது. பாய் பெருமையாகச் சிரித்தார்.

பத்து மாதத்தில் டர்போ போய்விட்டது. ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் பட்டறைக்கே போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது.

"ஓட்டிட்டு வந்ததும் உடனே ஆஃப் பண்ணீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானா? வாட்ச்சைப் பாத்துதான் ஆஃப் பண்றேன். தெரியாத வேலைய எதுக்கு பாய் தொடறீங்க?"

டர்போ வேண்டாம் என்று சொன்னவரிடம்தான் இதைச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த வேன்காரர் தன் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வேறொரு பட்டறையில் புது டர்போ போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை மகளையும் அழைத்துக்கொண்டு திரும்பினேன். செங்கம் தாண்டி, சாமியாகவே நாங்கள் கும்பிடும் எங்கள் ஊர் மலை முழுசாகத் தெரியும் இடத்தில் ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றி, ஒரு கும்பிடு போடாமல் நான் ஊருக்குள் நுழைந்ததே இல்லை. இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கக் கும்பிடுவது மரியாதையாகவும் படாது. வழக்கம்போல நிறுத்தினேன், சாவியைத் திருகினேன், இறங்கினேன்.

"அப்பா, ஒரு நிமிஷம் ஓடணும்னு சொல்வியே. இங்க மட்டும் வேணாமா?" என்றாள் மகள்.

கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை தூரம் விரட்டி வந்து, வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு முறையும் இங்கேதான் டர்போவைக் கொன்றிருக்கிறேன். வீட்டு வாசலிலும் ஓட்டல் வாசலிலும் வாட்ச் பார்த்தவனுக்கு இது ஒரு நிறுத்தமாகவே தோன்றியதில்லை.

வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்து கை துடைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே பாத்தேன் சார். முதல் ஓட்டத்துல, திரும்பி வர்றப்ப. சொல்ல வாயெடுத்தேன், கும்பிடுறப்ப பேசாதீங்கனு நீங்க கை காட்டிட்டீங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே பாய். நான் கத்தினப்பவாவது."

கையிலிருந்த துணியை மடித்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வண்டில ஏறினதும், உங்க பொண்ணு கண்ணுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் பாய்னு சொன்னீங்க. அதுக்கு மேல, அங்க இன்ஜினை நிறுத்தாதீங்கனு எப்படி சொல்றது?"

அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்ததா, பார்வை எப்படி இருக்கிறது என்று இத்தனை மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.