சொந்தக் கதைக்கு இடமில்லை

மணியை அடித்துவிட்டுத்தான் தேவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். முனீர் பாதிப் பேச்சில் நின்றிருந்தார்.

"நாலாவது நிபந்தனை," என்றார் தேவானந்தம். "சொந்தக் கதை வேணாம். வாதத்துக்கு வா."

"வாதந்தான் தேவா. எம்பையன் போன..."

மறுபடி அடித்தார். மரக்கட்டையில் திருகிய சைக்கிள் மணி அது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முனீர் கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மாலை அது பகுத்தறிவாளர் வட்டத்துக்குக் கிடைக்கும். அன்று பதினொரு பேர் வந்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட முக்கோணத்துக்குப் பக்கத்தில் தேவானந்தம் தலைப்பை எழுதியிருந்தார்: 'மாறும் உலகில் போரைத் தடுக்க ஜனநாயகத்தால் முடியுமா?'

முடியாது என்று முதலில் பேசியவர் சூர்யநாராயணன். விமானப்படைத் தளத்தில் முப்பது வருடம் என்ஜின் பார்த்தவர். "தெருவுக்கு ஒரு தாதா இருந்தவரைக்கும் சண்டை இல்ல. இப்ப மூணு தாதா. யார் வூட்டு வாசல்ல நிக்கிறதுன்னு சின்ன நாடெல்லாம் முழிக்குது. இதுல ஓட்டுப்பெட்டி என்ன பண்ணும்?"

"அந்த ஒரு தாதா காலத்துல சண்டை இல்லன்னு எந்த ஊர்க்காரன் சார் சொன்னான்?" என்றார் ஜோதிலட்சுமி. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். "நீங்க ரிப்பேர் பார்த்து அனுப்பின பிளேன் எல்லாம் பூ தூவவா போச்சு?"

சூர்யநாராயணனே சிரித்துவிட்டார். "நான் ஸ்பேனர் புடிச்சவன்மா. எங்க போச்சுன்னு என்கிட்ட சொல்ல மாட்டான்."

"அதான் பிரச்சனை. யாரும் கேக்கல. கேக்குறதுக்குப் பேருதான் ஜனநாயகம்."

மூன்றாவதாக எழுந்தவர் முனீர். முதல் இரண்டு நிமிடம் நன்றாகத்தான் பேசினார். கப்பல் போகும் வழிகள், காப்பீடு, எங்கோ யாரோ விடுகிற ட்ரோன். திடீரென்று குரல் மாறியது. "இதெல்லாம் பேப்பர்ல படிச்சது. எம்பையன் ஷாகுல் இருக்கான்ல..." என்றார். அங்கேதான் மணி.

கடைசியில் கை தூக்கச் சொன்னார் தேவானந்தம். முடியாது என்று ஆறு கை. முடியும் என்று மூன்று. தலைமை தாங்குகிறவருக்கு ஓட்டு இல்லை.

"முனீர்?"

"என்னை விட்டுடு."

டீ வருவதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

தேவானந்தத்துக்கு அந்த நிபந்தனையின் மேல் பெருமை உண்டு. அவர் எழுதியது அது. ஒன்பது வயதில் கடப்பேரியில் ஒரு ஜெபக்கூட்டத்தில் அம்மா அவரைப் பெஞ்சின் மேல் ஏற்றிச் சாட்சி சொல்லவைத்தார். தன் இருபது நாள் காய்ச்சல் ஜெபத்தால் போயிற்று என்று பையன் சொன்னான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுதார்கள். காய்ச்சல் போனது ரயில்வே ஆஸ்பத்திரி மாத்திரையால் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அவர்கள் அழுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். அந்த வெட்கம் வெகுகாலம் உள்ளே கிடந்தது. பிறகு தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டர் வேலை. நடைபாதைக் குழிக்குள் உட்கார்ந்து நிறம் பார்த்து நிறம் பார்த்து நூற்றுக்கணக்கான கம்பிகளை இணைக்கிற வேலை. தப்பாகச் சேர்த்தால் பல்லாவரத்துக்காரன் பேச்சு பெருங்களத்தூரில் கேட்கும். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பது அங்கே கையில் படிந்த பழக்கம்.

வட்டம் ஆரம்பித்தபோது சட்டதிட்டத்தில் நான்காவதாக எழுதினார்: 'தனக்கு நேர்ந்ததை எவரும் ஆதாரமாகச் சொல்லலாகாது.' எனக்குக் கனவில் வந்தது, எனக்கு வேண்டுதல் பலித்தது என்று சொல்கிறவர்களை வேறு எப்படித் தடுப்பது? அன்று எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் முனீர்தான். பம்மலில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பள்ளிவாசலுக்குப் போவதை விட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். "இந்த ஒண்ணு போதும் தேவா," என்றார். தாம்பரம் பதிவு அலுவலகத்தில் தேவானந்தம் ஹெப்சியைக் கல்யாணம் செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

ஒருமுறை கார்கில் பற்றிய கூட்டத்தில் ஒருவர் தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மணி அடித்தது. அவர் அதற்குப் பிறகு வரவில்லை. வேலை இருக்கும் என்று தேவானந்தம் நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். 'திரு. முனீர் பொருளை விட்டு விலகியதால் நிறுத்தப்பட்டார்' என்று எழுதும்போது போன் அடித்தது. முனீரின் மனைவி நஃபீசா.

"அண்ணே, இவங்க அங்க இருக்காங்களா? போனை வச்சிட்டுப் போயிட்டாங்க."

"கிளம்பிட்டானேம்மா. ஒரு மணி நேரம் ஆச்சு."

"ஷாகுல் விஷயம் சொன்னாங்களா?"

"என்ன விஷயம்?"

நஃபீசா சொன்னார். ஷாகுல் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். செங்கடல் பக்கம் போகிறோம் என்று கடைசியாகப் பேசினான். நாலு நாளாக ஒரு தகவலும் இல்லை. ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை.

"உங்ககிட்டதான் சொல்லப்போறேன்னு கிளம்பினாங்க அண்ணே. அங்க நாலு விவரம் தெரிஞ்சவங்க இருக்காங்க, யோசனை சொல்லுவாங்கன்னாங்க."

தேவானந்தம் பேனாவை மூடினார். எழுதிய வரியை அடிக்கலாமா என்று பார்த்தார். அடித்தால் அடித்தது தெரியும். நோட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போய்ச் சேர்ந்தபோது ஏழேகால். முனீர் வீட்டு வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே சொந்தக்காரர்கள் ஷாகுலுக்காக ஓதிக்கொண்டிருந்தார்கள். முனீர் எதிர்ப்பக்கம், பூட்டிய வெல்டிங் பட்டறையின் ஷட்டருக்கு முன்னால் தனியாக நின்றிருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் தேவானந்தம்.

"சொன்னேனே."

"கூட்டத்துக்கு முன்னாடி, தனியா..."

"முன்னாடி வந்தேன். நாற்காலி போடுன்னே. போட்டேன்." முனீர் தன் வீட்டு விளக்கைப் பார்த்தபடி பேசினார். "மத்தியானத்துலேருந்து உள்ள எல்லாரும் ஓதுறாங்க. எங்கண்ணன் வந்திருக்கான், இருபத்தெட்டு வருஷம் கழிச்சு. உக்காருடான்னான். உக்காந்தேன். எனக்கு ரெண்டு வரிக்கு மேல ஞாபகம் இல்ல தேவா. உதட்டை மட்டும் அசைக்கணும். அது முடியல. அதான் அங்க வந்தேன்."

அவர் கையைப் பிடிக்கலாம் என்று தேவானந்தத்துக்குத் தோன்றியது. இத்தனை வருடத்தில் அவர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

"அடுத்த கூட்டத்துல அந்த நிபந்தனையை எடுத்துடலாம்."

முனீர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "ஓட்டுக்கு விடுவியா? விடு. ஆறுக்கு மூணுன்னு வரும்."

"முனீர்..."

"தப்பு உன்மேல இல்லப்பா. நானும் கைதட்டினவன்தான். எத்தனை பேருக்கு நீ அடிச்சே, பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன்." பிறகு, "போ. ஹெப்சி தேடும்."

"நான் இருக்கேன்."

"இருந்து என்ன பண்ணுவே?"

அதைக் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். தேவானந்தம் யோசித்துப் பார்த்தார். சூர்யநாராயணனுக்குக் கடற்படையில் யாரையாவது தெரிந்திருக்கும் என்றார். கேட்டுச் சொல் என்றார் முனீர். தேவானந்தம் அங்கேயே நின்று போன் செய்தார். சூர்யநாராயணன் எடுத்து, ரிடையரான ஒருவரின் எண்ணைத் தேடித் தருவதாகச் சொன்னார். "அட, அதைத்தான் சொல்ல வந்தாரா மனுஷன்? நான் வேற சிரிச்சுத் தொலைச்சேனே," என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. முனீர் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் தேவானந்தம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினார். சூர்யநாராயணன் அனுப்பிய எண் ஒன்பதரைக்கு வந்தது. அதை முனீருக்கு அனுப்பினார். பதில் இல்லை. பத்து மணிக்கு ஹெப்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய போனுக்கு நஃபீசா பேசினார். விடிகாலையில் ஷாகுல் கூப்பிட்டிருக்கிறான். கப்பலில் நெட்டை நிறுத்திவைத்திருந்தார்களாம். எல்லோரும் நலம். ஹெப்சி அதைச் சொல்லிவிட்டு மீதித் துணியைக் காயப்போட்டாள்.

பதினோரு மணிக்கு தேவானந்தம் பம்மல் போனார். நஃபீசா டீ கொடுத்தார். முனீர் அண்ணனோடு வெளியே போயிருக்கிறார் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, பள்ளிக்கு என்றார். "தொழவா?" என்று கேட்டார் தேவானந்தம். "தெரியல அண்ணே. அவங்க அண்ணன் கூப்பிட்டாங்க, கூடப் போனாங்க." அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். முனீர் வரவில்லை. வந்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்தார். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில். குரோம்பேட்டையில் இறங்கி, அரைக் கிலோ தக்காளியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தார்.