வீடு தேடிப் போகும் மன்னிப்பு

தெருமுனை வந்ததும் அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அதைக் கைக்குட்டையில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுப்பார். பிறகு மணிக்கட்டில் வார் பதிந்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிடுவார். அடிபட்டவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை மணி பார்த்தாலும் போதும், கொண்டுபோன மன்னிப்பு மொத்தமும் பாழ் என்பது அவர் அனுபவம்.

எங்கள் அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. கம்பெனிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பெயர் கெட்டுப்போனால் துடைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சுவரில் நான்கு டிவிகள் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கும். அலுவலகமே அக்கா என்று கூப்பிடும் அவருக்கு அங்கே 'தீயணைப்பு' என்று இன்னொரு பெயர். அவர் பையை எடுத்தாலே, "எங்கேயோ புகையுது, தீயணைப்பு கிளம்பிடுச்சு" என்பார்கள். நான் புகைப்படக்காரன். அவர் தலையசைத்தால் படம் எடுப்பேன், இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும்.

ஒரு வேட்பாளர் தன் டிரைவரைக் கன்னத்தில் அறைந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 'அப்படி ஏதும் நடந்திருந்தால் வருந்துகிறேன்' என்று வக்கீல் ஒரு அறிக்கை எழுதித் தந்திருந்தார். அக்கா அதை வாசித்துவிட்டுப் பச்சைப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவர் எழுதுவதும் அடிப்பதும் பச்சை மையில்தான்.

"ஐயா, அறைஞ்சது உங்க கை. 'நடந்திருந்தால்'னா என்ன, கை தானாப் போயிட்டு வந்துடுச்சா?"

வேட்பாளர் சிரித்துவிட்டார். முதல் நாள் கேமரா இல்லாமல் டிரைவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் என்னோடு போனார். தேர்தலில் ஜெயித்தார். டிரைவர் வேறு வேலை தேடிக்கொண்டார்.

கெட்டில் விவகாரம் அதற்கு அடுத்த வருஷம். ஒரு கம்பெனியின் மின்சாரக் கெட்டிலில் கைப்பிடி கழன்று, தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் வலது காலில் கொதிநீர் கொட்டிவிட்டது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அது சரியாக மூடாது, வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அந்தம்மா முன்னாடியே கைப்பிடி ஆடுதுன்னு புகார் எழுதியிருக்கு. கம்பெனி பேர்ல பதில் போயிருக்கு. அந்த லெட்டர் நம்ம கைக்கு வந்தாகணும். நாளைக்குக் காலைல பிரஸ்மீட். 'எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது'ன்னு சொல்லப்போறாங்க."

"குடுக்கலைன்னா?"

"உங்ககிட்ட குடுக்காதவங்க யாரு?"

அது உண்மைதான்.

வீடு இரண்டே அறை. முன்னறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்திருந்தது. ஊசிக்கு அடியில் ஒரு பள்ளிச் சீருடையின் கை பாதி தைத்தபடி நின்றிருந்தது. தையல்காரம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்திலிருந்து முழங்கால் வரை கட்டு. அவருடைய அண்ணன், லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், வாசலிலேயே எங்களை அளந்தார்.

"காலு வெந்ததுக்கு ஆப்பிளா? தலையே போயிருந்தா பலாப்பழம் கொண்டாந்திருப்பீங்க போல."

"அண்ணே, உள்ள விடு. வெயில்ல நிக்கிறாங்க."

அக்கா பழக்கூடையை மூலையில் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதுவும் பாடம்தான். அடிபட்டவர் நம்மை அண்ணாந்து பார்க்கக் கூடாது.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"ரெண்டு மாசம் கால ஊனக் கூடாதாம். மெதிக்கிறதே வலது கால்லதாங்க. இடது கால்ல முயற்சி பண்ணிப் பாத்தேன். துணி ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்." சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"கம்பெனியிலேருந்து லெட்டர் ஏதோ வந்துச்சாமே?"

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. அளவு எழுதும் நோட்டுக்குள்ளிருந்து மடிப்புக் கலையாமல் எடுத்தார். "இத எழுதினவங்க ரொம்ப நல்லவங்க போலிருக்கு" என்று சொல்லி, சத்தமாகவே வாசித்தார்.

"'உங்கள் காலை நேரத்தில் எங்களுக்கும் ஓர் இடம் தந்ததற்கு நன்றி. சூட்டினால் கைப்பிடி சற்று இளகுவது உண்டு. புதிய கைப்பிடி மூன்று வாரத்துக்குள் உங்கள் வீடு தேடி வரும்.'"

"அதுக்கப்புறம்?" என்றார் அக்கா.

"அவ்வளவுதாங்க. 'அன்புடன்'னு முடிச்சிருக்கு."

"வேற ஒரு வரியும் இல்லையா? நல்லாப் பாருங்க."

தையல்காரம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இவ்வளவு அன்பா எழுதியிருக்காங்களே, ஆபத்துன்னா சொல்லியிருக்க மாட்டாங்களான்னு தைரியமா வெச்சுக்கிட்டிருந்தேன். பதினோராவது நாள் கழண்டுடுச்சு. வேணும்னா கொண்டுபோங்க. உங்களுக்கு உதவும்னா சரி."

கடிதத்தை நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை. பையைத் திறந்தார். தாளை வைக்க இடம் பார்க்கிறார் என்று நினைத்தேன். கைக்குட்டையைப் பிரித்துக் கடிகாரத்தை எடுத்து, அந்த அம்மாவின் கண் முன்னாலேயே கட்டிக்கொண்டார்.

"அண்ணே, ஜெராக்ஸ் கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும். நாலு காப்பி எடுத்து நாலு இடத்துல வைங்க. இத யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நானே திரும்பி வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

அண்ணன் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க யார் பக்கம்மா?"

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை, எங்களுக்கு எதுவுமே தெரியாது என்று கம்பெனி சொன்னது. அதற்கு மறுநாள் கடிதம் முதல் பக்கத்தில் வந்தது. வார முடிவில் கடைகளிலிருந்து கெட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தையல்காரம்மாவின் மருத்துவச் செலவையும் கம்பெனியே ஏற்றது. மேனேஜர் அக்காவைப் பார்த்து, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அக்கா மேஜை இழுப்பறையைக் காலி செய்தார். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார்.

அந்தத் தொழிலில் இருந்த ஒரே நேர்மையான ஆள் என்று பல மாதங்கள் அவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிறகு அலுவலகத்தை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு வந்தது. கெட்டில் கம்பெனிக்கு வந்த புகார்களுக்கெல்லாம் எங்கள் அலுவலகமே பதில் எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தையல்காரம்மாவின் புகாரோடு அதற்கான கைப்பிரதியும் குத்தியிருந்தது. 'உங்கள் காலை நேரத்தில்' என்று பச்சை மையில் தொடங்கியது. 'அன்புடன்' என்பதற்கு முன் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'அதுவரை தயவுசெய்து இந்தக் கெட்டிலைப் பயன்படுத்த வேண்டாம்.'

அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. மேனேஜரின் சிவப்புப் பேனா அந்தத் தாளில் எங்கேயும் படவில்லை. அடித்த கோடும் பச்சை. ஓரத்தில் அக்காவின் உருண்டைக் கையெழுத்தில், 'வீணாகப் பயமுறுத்தும்' என்று எழுதியிருந்தது.