பாத்ரூமில் விழுந்தவர்

குலசேகரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதிக காலம் கேஷுவாலிட்டியில்தான் வேலை. அங்கே வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சல், இருமல் மாதிரி அதுவும் வரும்.

ஒரு நாள் மத்தியானம் தங்கையன் என்பவரை அவர் மகள் ஷீபா ஆட்டோவில் கொண்டுவந்தாள். அறுபதைத் தாண்டிய ஆள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டரே. கை மட்டும்தான்."

"ஹார்ட்ல ஸ்டென்ட் வச்ச ஆளு" என்றாள் ஷீபா. "இவருக்காகத்தான் துபாய் வேலைய விட்டுட்டு வந்தேன். நனைஞ்ச தரையில பாத்து நடங்கன்னு தெனமும் சொல்லுவேன்."

டியூட்டி டாக்டர் பரிசோதித்தார். வியர்வை, வேகமான பல்ஸ். அடிபடாத இடது தோளில் வலி. இரண்டு முழங்கால்களின் உட்பக்கமும் தோல் உரிந்திருந்தது. கழுத்தில் ஒரு முசிறு ஊர்ந்தது. எடுத்துப் போட்டேன். எங்கள் ஊர் பாத்ரூமில் பல்லி உண்டு, தேரை உண்டு. முசிறு எறும்பு மரத்தில்தான் இருக்கும்.

"வயித்த உடனே ஸ்கேன் பண்ணணும்" என்றார் டாக்டர்.

"பாத்ரூம்ல விழுந்ததுக்கு வயித்துக்கு எதுக்கு ஸ்கேன்?" என்று ஷீபா கேட்டாள். நியாயமான கேள்வி. தங்கையனும் கட்டுப் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போவேன் என்றார்.

டாக்டர் என்னைத் தள்ளி அழைத்தார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவரு. உயரத்துல இருந்து விழுந்திருந்தா உள்ளயே ரத்தம் போயிரும். கேட்டுப் பாருங்க சிஸ்டர்."

ஷீபாவைச் சீட்டுப் போட அனுப்பினேன். அவள் திரைச்சீலையைத் தாண்டியதும், "ஸ்டூல்ல ஏறி நின்னேன்" என்றார் தங்கையன். வராந்தாவுக்குப் போனதும் அது ஏணியாயிற்று. கண்ணுக்கு மறைந்ததும்தான், "பிலாவுல ஏறினேன். வீட்டு ஓட்டுக்கு மேல உயரம் இருக்கும்" என்றார். மகள் தள்ளிப் போகப் போக பலாமரம் வளர்ந்தது.

"எதுக்கு அண்ணே ஏறினீங்க?"

"சக்க பழுத்திட்டு. அவளுக்கு ரெம்ப இஷ்டம்."

"அத அவகிட்ட சொன்னா என்ன?"

"இனி மரத்துல ஏறினா துபாய்க்கே திரும்பிப் போயிருவேன்னு சொல்லியிருக்கா. போயிட்டான்னா எனக்கு யாரிருக்கா? சொல்லண்டாம் சிஸ்டரே."

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது; இடது தோள் வலி அதனால்தான். உடனே ஆபரேஷன். கையெழுத்துப் போட வேண்டியவள் மகள். டாக்டர் அவளிடம் நடந்ததைச் சொன்னார்.

ஷீபா அழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் போயிருவேன்னு சும்மா மெரட்டினேன் சிஸ்டர். துபாய்ல எனக்கு இப்ப வேலையே இல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்குத் தெரியும்னு அப்பாட்ட சொல்லண்டாம்" என்றாள்.

ஆக, சொல்லமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் ஒரே வாக்கைக் கொடுத்தேன்.

தங்கையன் பிழைத்துக்கொண்டார். தையல் பிரிக்க வந்த அன்று ஷீபா அவர் முன்னாலேயே சொன்னாள்: "பாத்ரூம்ல சொரசொரப்பான டைல்ஸ் போட்டாச்சு சிஸ்டர். இனி வழுக்காது."

"ஆமா, பழைய தரை மோசம்" என்றார் தங்கையன். அவள் ஆட்டோ பார்க்க வெளியே போனதும் என் பக்கம் குனிந்தார். "பாவம், எனக்க மகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"இல்ல அண்ணே, தெரியாது" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் பொய்களில் பாதிக்கு மேல் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை என்று அன்று புரிந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு, அடிபட்டு யார் வந்தாலும் கூட வந்தவரை முதலில் சீட்டுப் போட அனுப்பிவிடுவேன். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பது அதற்கப்புறம்தான்.