உத்தமன் அமுக்கிய பொத்தான்

உத்தமனுக்கு வீடு கோவில்பதாகையில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறார். கைராசிக்காரர் என்று பட்டறையில் பெயர். ஆயுத பூஜை முடிந்ததும் ஒவ்வொரு எந்திரத்தையும் அவர் ஓட்டிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

சென்ற ஆண்டு அப்படி ஓட்டப் போனபோது, பெரிய பிரஸ்ஸின் திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்து நின்றது. மென்பொருள் நிறுவனம் புதிய பதிப்பை அனுப்பியிருந்தது. குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டு, அடியில் இருந்த பொத்தானை அமுக்கினார். எந்திரம் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே கை போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டியது அந்த மென்பொருள். புதிய பதிப்பு சில சமயம் நிறுத்தவில்லை. தீபாவளிக்கு முன்பே, அந்த பிரஸ்ஸில் வேலை பார்த்த தாயம்மாளின் வலக்கையில் நான்கு விரல்கள் போயின.

தாயம்மாள் மென்பொருள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். நிறுவனம் பதில் தந்தது: எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று திரையிலேயே எழுதியிருந்தோம், அதை ஏற்றுப் பொத்தானை அமுக்கியது பட்டறை ஆள்தான்.

"இன்னா அண்ணாத்தே, உன் கைராசி கம்பெனிக்காரனுக்கு நல்லா வேல செய்து" என்றான் கூட வேலை பார்க்கும் செல்வகுமார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

உத்தமனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒப்புக்கொண்டால் தாயம்மாளின் வழக்கு கவிழலாம். ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாமா? தாயம்மாளின் வீட்டுக்கே போனார்.

"நான்தாம்மா அமுக்கினேன்."

"தெரியும்ணே. நானும்தான் கை தட்டிக்கினு நின்னேன்." விரலில்லாத கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார் தாயம்மாள். "நடந்தத சொல்லு. பொய் சொல்லி மாட்டிக்கினா என் கேசும் பூடும்."

பூந்தமல்லி நீதிமன்றத்தில் நிறுவனத்தின் வக்கீல் கேட்டார்: "பொத்தானை அமுக்கியது நீங்கள்தானே?"

"ஆமாங்க."

"படித்தீர்களா?"

"இங்கிலீஷ்ல இருந்திச்சுங்க. படிக்கல."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். நீதிபதி நிமிர்ந்தார். "வேண்டாம் என்று சொல்ல இன்னொரு பொத்தான் இருந்ததா?"

"இல்லீங்கய்யா. ஒண்ணுதான். அத்த அமுக்கலன்னா மிசினே ஓடாது."

நீதிபதி அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அந்தத் திரையை அப்படியே கொண்டுவந்து காட்டும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டு, வழக்கைத் தள்ளிவைத்தார்.

சாட்சியத்தின் கடைசிப் பக்கத்தை ஊழியர் நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

உத்தமன் பேனாவை வாங்கவில்லை.

"மொதல்லருந்து படிச்சுக் காட்டுங்க சார்."