வாய்விட்டுப் படித்த பேராசிரியை

அடையாறில் ஒரு நூலகத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஒரு பக்கம் லேசாகக் கோணிய வாய். பக்கவாதம் வந்த பிறகு எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை அழுத்தி, உரக்கப் படிப்பார். பழைய ஐரோப்பிய மடங்களில் தோல் ஏடுகளைப் படியெடுத்த துறவிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் அது. கல்லூரியில் அவரே நடத்திய பாடம்.

ஒரு நாள் நூலக ஊழியர் வந்து, "இன்னாம்மா, மத்தவங்க கம்ப்ளைன்ட் பண்றாங்க. மனசுக்குள்ள படிங்களேன்" என்றார்.

"மனசுக்குள்ள படிச்சா நிக்க மாட்டேங்குதுப்பா. அந்த மடங்கள்ல அநேகமா எல்லாருமே வாய்விட்டுத்தான் படிச்சாங்க, தெரியுமா?"

ஊழியர் மற்ற மேசைகளைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியையே புத்தகத்தோடு எழுந்து வெளியே போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"நான் படிச்சுக் காட்டட்டுமா மேடம்?"

"நீங்க படிச்சா எனக்கு நல்லாப் புரியும்." அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "ஆனா நான் படிக்கணுமே. அதைத் தவிர எனக்கு வேற எதுவுமே தெரியாதுப்பா."

பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லில் நாக்கு தடுக்கி நின்றது. விரலால் அந்தச் சொல்லையே ஓங்கிக் குத்தினார். அந்தச் சொல் என் வாய்வரை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.