மெழுகில் இருந்த கோரைப்பல்

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால், மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மழை விட்ட மறுநாள், பால் வாளியோடு மேட்டில் வழுக்கி, கல்லில் முகம் குப்புற விழுந்தேன். மேல்வரிசை முன்பல் ஆறும் போயின.

புண் ஆறியதும் என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனில் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனார். வீட்டுக்காரருடைய அக்காவும் கூடவே வந்தார். முதல் தடவை அச்சு எடுத்தார்கள். இரண்டாம் தடவை மெழுகில் ஆறு பல்லைப் பதித்து என் வாயில் வைத்துப் பார்த்தார் வைத்தியர். மெழுகில் இருக்கும்வரை மாற்றலாம், சிவப்பு ரப்பரில் வேக வைத்துவிட்டால் முடியாது என்று மலாயில் சொன்னார்.

கண்ணாடி முதலில் வீட்டுக்காரர் கைக்குப் போனது. அப்புறம் அக்கா கைக்கு. என் கைக்கு வரவே இல்லை.

"என்னா தம்பி இது, ஓரத்துல ரெண்டும் நாய்ப்பல்லு மாதிரி கூரா நிக்குது! பொம்பளைக்குக் கூர்ப்பல்லு ஆவாது, புருசனுக்குத்தான் கேடு. எடுக்கச் சொல்லு."

வைத்தியர் விரலை வைத்துக் காட்டினார். நடுவில் அகலமான இரண்டும், பக்கத்தில் ஒடுங்கிய இரண்டும் வெட்டுவதற்கு. கூரான கோரைப்பல் கிழிப்பதற்கு. உதட்டு ஓரத்தைத் தாங்குவதும் அதுதான், இல்லாவிட்டால் கன்னம் உள்ளே விழுந்துவிடும் என்றார்.

"இவ யாரைக் கிழிக்கப் போறா? அக்கா சொல்றதுதான் சரி" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எடுத்துவிடும்படி மலாயில் சொல்லியும் விட்டார்.

வைத்தியர் என் பக்கம் திரும்பி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டார். நான் முந்தானையால் வாயை மூடித் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கூர்ப்பல்லைப் பிடுங்கிச் சின்னப் பல்லைப் பதித்தார்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அக்கா பேச்சுதான். "நாந்தான் பாத்து எடுத்தேன்லா. அரிசி மாதிரி பல்லு!" சாப்பிடப்போவது நான். பேசப்போவது நான். ஆடு வாங்குகிறவன்கூட ஆட்டை ஒரு தடவை பார்ப்பான். இவர்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடியக்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, காய்ச்சல் என்று கங்காணியிடம் பொய் சொன்னேன். சிம்பாங் வரைக்கும் நடந்து, முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது ரப்பர் வேக வைக்கும் பானையை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. என் பல் இன்னும் மெழுகில்தான் இருந்தது.

முந்தானையை எடுத்துவிட்டு, தெரிந்த மலாயில் கூர்ப்பல்தான் வேண்டும் என்றேன். முன்பல் இல்லாத வாயில் பாதி வார்த்தை காற்றாகப் போனது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

பல் கட்டி வீட்டுக்கு வந்த அன்று அக்கா என் வாயைப் பார்த்துக் கத்தினார். "யாருடி மாத்துனது?"

"நாந்தான் அண்ணி. என் வாய்தானே."

அக்கா அடுத்த தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இத்தனை வருஷம் ஆகியும் கோபம் தீரவில்லை. பாதி அவர்கள் மேல். பாதி, கேட்டபோது தலையைக் குனிந்த என் மேல். அதனால்தான் இன்றைக்கும் எனக்காக யாராவது பதில் சொல்லப் போனால், கூச்சத்தோடேயே முந்திக்கொண்டு பேசிவிடுகிறேன்.

அந்த ரப்பரைத் தண்ணீரில் வேக வைத்தார்களா, ஆவியிலா என்று மறந்துவிட்டது. பல் வேலை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். கோரைப்பல் விஷயத்தில் மட்டும் திருத்த ஒன்றுமில்லை.