பங்குகள் பல, வாக்கு ஒன்று

ஒருவர் போட்ட பணம் அதிகம் என்பதால் அவருடைய சொல்லுக்கும் அதிக எடை உண்டா? எண்பதுகளின் நடுவில், ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் எங்கள் சிக்கன நாணயச் சங்கத்தின் பொதுக்குழு கூடிய ஒரு ஞாயிறு மாலையில், இந்தக் கேள்விக்கு நான் நின்ற இடத்திலேயே விடை சொல்ல வேண்டியிருந்தது.

நான் அப்போது மிஷன் பள்ளி ஆசிரியை; சங்கத்தின் சம்பளமில்லாச் செயலாளர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் காப்பி எஸ்டேட் தொழிலாளர்கள். மாதந்தோறும் அவர்கள் சேமிப்பதே சங்கத்தின் முதல். அதிலிருந்துதான் அவர்களுக்கே கடன்.

அந்த வாரம், காப்பிப்பழம் பறிக்கும் பெண் ஒருவரின் கணவர், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சரிந்து விழுந்துவிட்டார். தொடையெலும்பு முறிந்து சேலத்து மருத்துவமனையில் கிடந்தார். உடனே அறுவை செய்யாவிட்டால் கால் தேறாது என்றார்கள். அந்தப் பெண் முதலில் ஏற்காட்டில் ஒரு வங்கிக்குத்தான் போனார். மேலாளர் மரியாதையாகவே பேசி, நிலப் பட்டாவோ நகையோ ஈடாகக் கேட்டார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருப்பவரிடம் இரண்டும் இல்லை. மேலாளரை நான் குறை சொல்ல மாட்டேன். தாம் முகம் பார்த்திராதவர்களின் பணத்துக்கு அவர் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர். எங்களுக்கோ சக உறுப்பினர் ஒருவரின் ஜாமீன் போதும். ஆனால் அறுவைக்கு வேண்டிய தொகையைக் கொடுத்தால் பெட்டி ஏறக்குறைய காலியாகிவிடும். அதனால்தான் பொதுக்குழு.

சங்கத்தில் அதிகப் பங்குகள் வைத்திருந்தவர், தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். அவர்தான் முதலில் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், அவன் மறுக்கா மரமேறுவான்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா? ஏறலீன்னா கடன ஆரு கட்டறது?"

"நா ஜாமீன் நிக்கறனுங்க," என்றார் அந்தப் பெண்ணோடு பழம் பறிக்கும் தோழி.

"நீயா? உன்ற ஊட்டுல இருக்கற அலுமினியக் குண்டாவ வித்துக் கட்டுவியா?"

"குண்டா எதுக்குங்க? சம்பளத்துல புடிச்சுக்கங்க. புடிக்கறது உங்களுக்கு நொம்ப நல்லா வருமே!"

கூடம் சிரித்தது. ரைட்டர் சிரிக்கவில்லை.

"சரி, ஓட்டுக்கு உடுங்க. எனக்குப் பங்குக்கு ஒரு ஓட்டு."

"இல்லைங்க. கம்பெனியில் அப்படி இருக்கலாம். இங்கே ஆளுக்கு ஒன்றுதான்."

"அப்ப எம் பணம்?"

"உங்களுடையதுதான். முறைப்படி கேட்டால் திருப்பித் தருவோம். ஆனால் அதைக் காட்டி மற்றவர்கள் பணத்துக்கு முடிவு சொல்ல முடியாதுங்க."

சொல்லிவிட்டு நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் விலகினால் பின்னாலேயே எத்தனை பேர் போவார்கள்? எல்லாரும் ஒன்றாகக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது? வங்கிக்குத் தலைமை அலுவலகம் உண்டு. எங்களுக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர யாருமில்லை.

கைகள் உயர்ந்தன. என் கையையும் சேர்த்து இரு பக்கமும் சமம். தம் கடனுக்குத் தாமே வாக்களிக்கக் கூடாதென்பதால் அந்தப் பெண் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். மிச்சம் ஒரே ஒருவர், எஸ்டேட் ஜீப் ஓட்டுநர். பள்ளி திறக்கும்போது மகளை விடுதியில் சேர்க்கக் கடன் கேட்டிருந்தவர்.

"இதக் குடுத்துட்டா ஜூன் மாசம் எம் புள்ளைக்கு இருக்குங்களா?"

இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய வாக்கு கிடைத்துவிடும். ஒரு மனிதனின் கால் அந்த வாக்கைப் பொறுத்திருந்தது. ஆனால் கேட்டவரும் சங்கத்துக்கு உடைமைக்காரர்.

"இருக்காதுங்க."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

"வெடுக்குனு சொல்லிப்போட்டீங்களே டீச்சர்," என்ற ஓட்டுநர், கடனுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

அறுவை நடந்தது. கால் தேறியது, ஆனால் அவர் மறுபடி மரமேறவில்லை, எஸ்டேட் கேட்டில் காவலுக்கு இருந்தார். கடன் தாமதமாகத்தான் அடைந்தது. ரைட்டரும் அவரோடு சிலரும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகினார்கள். ஓட்டுநரின் மகள் விடுதியில் சேர்வது ஓராண்டு தள்ளிப்போனது. அடுத்த பொதுக்குழு முதல், மாதச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை விபத்துக் கடனுக்கென்று தனியே ஒதுக்கி வைத்தோம்.